விட்டுக்கொடு என்றொரு கட்டளை

என் கணவர் மூச்சுவிட முடியாமல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்த அன்று காலையில் நான் முதலில் சந்தேகப்பட்டது என் வேலையை. அவரை அல்ல.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்தில், கரமனையில் ஆற்றை ஒட்டிய தெருவில் எங்கள் வாடகை வீடு. அடுப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்கு, யாரோ தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிடுவது போல ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றி, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. பாதம் இரண்டும் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன.

"இப்பம் சரியாயிரும்," என்றார். அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

எதிர்வீட்டுக்காரர் ஆட்டோவைக் கூப்பிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் முகத்தில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டர் ஒரு இளம்பெண். மலையாளத்தில்தான் பேசிக்கொண்டோம். இங்கே நாங்கள் வெளியில் பேசுவதெல்லாம் மலையாளம்தான், நாகர்கோவில் பக்கத்துத் தமிழ் வீட்டுக்குள் மட்டும்.

"கடைசியாக எப்போது டயாலிசிஸ்?" என்று கேட்டாள்.

"நேற்று," என்றேன்.

அவள் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நேற்று டயாலிசிஸ் செய்தவருடைய ரத்தம் இப்படி இருக்காதே. நுரையீரலில் எவ்வளவு நீர் கோத்திருக்கிறது தெரியுமா?"

நேற்று மதியம் அவர் கிளம்பிப் போனதை நான் பார்த்தேன். இரவு ஏழு மணிக்குத் திரும்பி வந்ததையும் பார்த்தேன். முன்கையில், ஊசி குத்துகிற இடத்தில், வழக்கம்போலப் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நான் டாக்டரிடம் வாக்குவாதம் செய்தேன். அவள் அமைதியாக, "மையத்துக்கே போன் செய்து கேளுங்களேன்," என்றாள்.

போன் செய்தேன். தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையம் அது. தலைமை நர்ஸ் போனை எடுத்தார்.

"நேற்று அவருக்கு ஷெட்யூல் இல்லையே," என்றார். "அதற்கு முந்தையதும் மாறியிருக்கிறது. நீங்கள்தான் வேறெங்கோ செய்துகொள்கிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் சிஸ்டம்தானே, உங்களுக்குத் தெரியாமலா?"

எங்கள் சிஸ்டம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி அந்த இரண்டு சொற்களையும் எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

இதை விளக்கிவிடுகிறேன். நான் நிரல் எழுதுகிறவள். ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு சின்ன நிறுவனம். அங்கே நானும் கூட வேலை செய்யும் ஒருவரும் சேர்ந்து ஒரு நிரல்மொழியை உருவாக்கியிருந்தோம். வழக்கமான மொழிகளில் கணினிக்கு வரிசையாக ஆணையிடுவோம்: இதைச் செய், பிறகு அதைச் செய். எங்கள் மொழியில் ஆணையிடுகிறவர் என்று ஒருவர் கிடையாது. பல முகவர்கள் உண்டு. முகவர் என்றால் ஆள் அல்ல, ஒருவருக்காகப் பேசுகிற சின்ன நிரல். அதற்கு என்ன வேண்டும், எதைத் தரமுடியும், எதற்கு வாக்குக் கொடுக்கமுடியும் என்று மட்டும் எழுதிவிட்டால் போதும். முகவர்கள் ஒன்றையொன்று கேட்டு, பேரம் பேசி, ஒத்துப்போய், எல்லாருக்குமான நேர அட்டவணையைத் தாங்களே போட்டுக்கொள்ளும்.

என் கணவர் அங்கே போக ஆரம்பித்த பிறகுதான் அந்த மையத்தின் பாடு எனக்குத் தெரியவந்தது. மெஷின்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். ஒரு மெஷின் பழுதானால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மழையில் ஒரு பஸ் வராவிட்டால், அன்றைய ஷிஃப்ட் முழுக்கக் கலைந்துபோகும். தலைமை நர்ஸ் ஒரு போனைக் காதிலும் இன்னொன்றைக் கையிலும் வைத்துக்கொண்டு காலை முழுக்கக் கெஞ்சிக்கொண்டிருப்பார். எங்கள் மொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று தோன்றியது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு முகவர், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு முகவர், நர்ஸுகளுக்கும் உண்டு. நோயாளியோ வீட்டிலுள்ளவரோ போனில் ஒருவரி விதிகள் எழுதிக்கொள்ளலாம். மலையாளத்திலும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். கேள், கொடு, விட்டுக்கொடு, உறுதி சொல் என்று சில சொற்கள்தான். 'திங்கள் மாலை கேள். யாராவது காலையைக் கேட்டால் விட்டுக்கொடு.' அவ்வளவு எளிது.

தமிழ்ச் சொற்களைப் பரிசோதித்துப் பார்த்தது என் கணவர்தான். சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்துகிடக்க வேண்டும் என்றான பிறகு கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். போனைப் பார்த்துச் சிரித்தார். "இத்தன நாளும் இன்சூரன்ஸ் ஏஜென்ட பாத்து ஓடுனேன். இப்பம் எனக்கே ஒரு ஏஜென்டா?"

மையத்தில் அது ஓட ஆரம்பித்த பிறகு நர்ஸின் போன் அடங்கியது. எல்லாரும் ஆச்சரியப்படும்படி முகவர்கள் ஒத்துப்போயின. நாங்கள் இரண்டு பேரும் அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தோம்.

இப்போது, அந்த முகவர்கள் சேர்ந்து என் கணவரை அட்டவணையை விட்டே வெளியே தள்ளிவிட்டன என்று நான் முடிவு செய்தேன். எங்கோ ஒரு பிழை. அவர் மையத்துக்குப் போயிருக்கிறார், இடமில்லை என்று திருப்பியனுப்பியிருக்கிறார்கள், என் மனம் நோகுமென்று என்னிடம் சொல்லவில்லை. கையிலிருந்த பிளாஸ்திரி மட்டும் அந்தக் கதைக்குள் அடங்கவில்லை. அதைப் பற்றி யோசிக்காமல் இருக்க முயன்றேன்.

ஆஸ்பத்திரியிலேயே அவசர டயாலிசிஸ் செய்தார்கள். மதியத்துக்குள் அவருக்கு மூச்சு சீராகி, தூங்கிப்போனார். நான் அவருடைய தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

என்னோடு வேலை செய்பவர் மலையாளி. கோவில்பட்டியில் கொஞ்சகாலம் வளர்ந்தவர் என்பதால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது.

"வேற யாருக்கெல்லாம் இப்படி நடந்திருக்கும் சேச்சி?" என்றார். அதுதான் அவருடைய முதல் கேள்வி.

மாலை வரை தேடினோம். ஒரு முகவர் கேட்டும் பதில் வராமல் போயிருக்கிறதா, கொடுத்த வாக்கு தவறியிருக்கிறதா, இரண்டு முகவர்கள் ஒன்றையொன்று பார்த்துக் காத்துக்கொண்டு நின்றுவிட்டனவா? எதுவும் இல்லை. எல்லாம் சுத்தமாக நடந்திருந்தது. கடைசியில் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "சேச்சி, நம்ம புரோகிராம்ல தப்பு இல்ல. ஏஜென்ட்டு கிட்டயே கேட்டுரலாம். ஆனா அது பேஷண்டோட சொந்த விஷயம் அல்லே?" என்றார்.

எங்கள் மொழியில் 'ஏன்' என்று ஒரு சொல் உண்டு. எந்த முகவரிடமும் அது எடுத்த எந்த முடிவையும் காட்டி ஏன் என்று கேட்கலாம். அது காரணம் சொல்லியாக வேண்டும்.

"நான் அவரு பொண்டாட்டி," என்றேன்.

"அதனாலதான் யோசிக்கறேன்," என்றார். ஆனால் விசைப்பலகையை என் பக்கம் நகர்த்திவிட்டார்.

சில மாதங்களில் அங்கங்கே விடுபட்டிருந்த நாட்களில் முதல் நாளைக் காட்டி, ஏன் என்று கேட்டேன். திரையில் பதில் வந்தது. 'போனக்காட்டு நோயாளியின் முகவர் இந்த நேரத்தைக் கேட்டது. விட்டுக்கொடு என்பது என் உரிமையாளர் எழுதிய விதி. விட்டுக்கொடுத்தேன். பதிலுக்கு வேறு நேரம் கேட்கச் சொல்லி விதி இல்லை.'

என் உரிமையாளர் எழுதிய விதி. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏதோ ஒரு அந்நியரைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது. பக்கத்திலிருந்தவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதற்குமேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. மடிக்கணினியை மூடிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் நேராகவே கேட்டேன்.

"ஒங்க நேரத்த வேற ஆளுக்கு விட்டுக்கொடுத்தீங்களா?"

இட்லித் துண்டைத் தட்டிலேயே வைத்தார். "யாரு சொன்னா?"

"ஒங்க ஏஜென்டு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போனக்காட்டுல, மலைக்கு மேல இருந்து ஒரு பொண்ணு வருகா. தேயிலத் தோட்டத்துல வேல. சாயங்கால ஷிஃப்டு கெடச்சா கடைசி பஸ்ஸு போயிரும். பின்னே தம்பானூர்ல ராத்திரி முழுக்க பெஞ்சுல இருக்கணும். நமக்கு என்ன, ஆட்டோ புடிச்சா பத்து நிமிசத்துல வீடு."

"அதுக்கு? ஒங்க உயிரக் குடுப்பீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா?"

"சொன்னா விடுவியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே சமயம், இப்போது நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது, அந்தக் கோபத்துக்கு அடியில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்படியொரு மனிதரோடா இத்தனை வருஷம் குடித்தனம் செய்தேன் என்ற பெருமை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவரை மையத்துக்குக் கூட்டிப்போவது என் வேலை ஆயிற்று. முதல் நாள் அவரை உள்ளே நாற்காலியில் விட்டுவிட்டு வெளியே வந்தபோது, காத்திருக்கும் இடத்தில், டயாலிசிஸ் முடிந்த ஒரு பெண் தலைக்குத் துண்டு சுற்றி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குமேல் இருக்கும், கன்னம் ஒட்டியிருந்தது. மடியில் ஒரு துணிப்பை. அவள்தான் போனக்காட்டுக்காரி என்று நர்ஸ் ஏற்கெனவே காட்டியிருந்தார். அவளைத் திட்டவேண்டும் என்று நான் போகவில்லை. முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து, இன்னாருடைய மனைவி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணனோட வீட்டுக்காரியா? அண்ணன் நல்ல மனுஷன் அக்கா. இப்போ சுகம்தானே? ஆஸ்பத்திரில இருந்தாருன்னு சிஸ்டர் சொன்னாங்க."

"ஆமா. மூச்சு முட்டிப்போச்சு. டயாலிசிஸ் தள்ளிப்போச்சுல்லா, அதான்."

"ஏன் தள்ளிப்போச்சு?"

நான் அவளைப் பார்த்தேன். நடிக்கவில்லை. "ஒனக்காகத்தானே விட்டுக்கொடுத்தாரு. கடைசி பஸ்ஸுக்காக," என்றேன்.

அவள் கை துணிப்பையை இறுகப் பிடித்தது. "எனக்கா? அய்யோ, அக்கா! நான் ஒரே ஒரு தடவதான் கேட்டேன். மலையேறுற வழியில, விதுரைக்கு அங்கிட்டு மண்ணு சரிஞ்சு, பஸ்ஸு சீக்கிரமே நிறுத்திருவாங்கன்னு சொன்னாங்க, அன்னைக்கு. அதுக்கு அப்புறம் எனக்குக் காலை ஷிஃப்டே கெடச்சிட்டு. நான் எதுக்கு வேற ஆளோடத கேக்கப்போறேன்? தெய்வத்தாண கேக்கல அக்கா." கண்ணில் நீர் திரண்டுவிட்டது. "என்னாலயா அவருக்கு அப்படி ஆச்சு?"

"இல்ல, இல்ல," என்றேன். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்ன அந்தச் சொல், சொல்லும்போதே எனக்கு உண்மையாகிப் போனது.

என் பையில் மடிக்கணினி இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் என் கணவர் கண்ணை மூடிப் படுத்திருப்பது தெரிந்தது, சிவப்புக் குழாய்கள் அவர் கையிலிருந்து மெஷினுக்கும் மெஷினிலிருந்து கைக்குமாகப் போய்வந்தன. நான் திறந்து, விடுபட்ட மற்ற நாட்களைக் காட்டி, ஏன் என்று கேட்டேன்.

'யாரும் கேட்கவில்லை. முன்வந்து கொடு என்பது உரிமையாளரின் விதி. பொதுவில் வைத்தேன். ஒரு முகவர் எடுத்துக்கொண்டது.'

அடுத்த நாளுக்கும் அதே பதில். அதற்கு அடுத்ததற்கும். ஒன்றில் மட்டும் கடைசி வரி வேறு: 'யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மெஷின் காலியாக இருந்தது.'

மெஷின் காலியாக இருந்தது. அவருக்கென்று ஒரு மெஷின் யாருமில்லாமல் சும்மா நின்றிருக்கிறது, அவர் வரவில்லை. யாருக்கும் உதவாத ஒரு தானம். அந்தப் பெண் என்னிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாய் அசைவது தெரிந்தது, எதுவும் காதில் விழவில்லை.

அன்று அவரை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சாப்பிட்டு, தூங்கி எழுந்தார். மறுநாள் பிற்பகலில், வாசல் கதவைச் சாத்திவிட்டு, அவர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தப் பொண்ணு ஒரே ஒரு நாளுதான் கேட்டிருக்கா. மத்த நாளு யாரும் கேக்கல. நீங்களா குடுத்திருக்கீங்க. ஒரு நாளு யாரும் எடுக்கக்கூட இல்ல. எங்க போனீங்க?"

மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை.

"ரயில்வே ஸ்டேஷனுக்கு."

"எங்க?"

"தம்பானூர் ஸ்டேஷன்தான். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து உள்ள போயிருவேன். கடைசிப் பக்கம் ஒரு பெஞ்சு உண்டு, காத்து வரும். ஒரு சாயா குடிப்பேன்." கொஞ்சம் தயங்கினார். "முழு கிளாசு."

டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர் அளந்துதான். அவருக்கு நான் காலையில் கொடுக்கும் டீ அரைக் கிளாஸுக்கும் குறைவு. அந்த முழு கிளாஸ் டீ எனக்கு மெஷினைத் தவிர்த்ததைவிடப் பெரிய துரோகமாகத் தோன்றியது. இப்போது அதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

"கையில பிளாஸ்திரி இருந்துதே?"

"மெடிக்கல்ல வாங்கி, ஸ்டேஷன்லயே ஒட்டிக்கிடுவேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஐம்பது வயது தாண்டிய மனிதர். வாழ்நாளில் என்னிடம் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டது கிடையாது. அவர் ஸ்டேஷன் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று, ஊசி குத்தாத கையில் பஞ்சை வைத்து, பல்லால் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டிக்கொள்ளும் காட்சி என் கண்முன்னால் வந்தது. அதைப்போல ஒரு காட்சியை நான் அதற்கு முன்னால் கற்பனைகூடச் செய்ததில்லை.

"சாகணும்னா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "சாகணும்னுதான் போனீங்களா?"

"சேச்சே." உண்மையிலேயே பதறினார். "அப்படி இல்ல, கேட்டியா. சாகணும்னு ஒருநாளும் நெனச்சதில்ல. அன்னைக்கு ஒரு நாளு அந்த நாற்காலில உக்காராண்டாம்னு நெனச்சேன், அவ்ளோதான். பின்னே அடுத்த நாளும் அப்படித் தோணிச்சு. போகமாட்டேன்னு ஒங்கிட்ட சொல்ல முடியுமா? சிஸ்டர்கிட்ட சொல்ல முடியுமா? எல்லாரும் எனக்காக இவ்ளோ கஷ்டப்படுகீங்க. வேண்டாம்னு சொல்லுகதுக்கு எனக்கு நாக்கு வரல. விட்டுக்கொடுக்கேன்னு சொல்லுகது எளுப்பமா இருந்து. நல்ல காரியம் மாதிரியும் இருந்து."

பிறகு, "அந்தப் பொண்ணுக்கு முதல்ல குடுத்தது நெஜமாத்தான் குடுத்தேன். அன்னைக்கு ஸ்டேஷன்ல போய் இருந்தப்பம்தான் தெரிஞ்சுது, எவ்ளோ நாளாச்சு இப்படி ஒண்ணும் செய்யாம இருந்துன்னு," என்றார்.

நான் அவரைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அடுக்களைக்குப் போய்க் கழுவின பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போய்விட்டால் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். அது அவருக்குத் தோன்றவே இல்லையா என்ற கேள்வியைக் கேட்க வாய் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயந்தேன். பல நாள் கழித்துத்தான் கேட்டேன். தோன்றியது என்றார்.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் அந்த மொழியில் இன்னொரு வரி எழுத என்னால் முடியவில்லை.

"வாரத்துக்கு டாக்டர் சொன்ன தடவைக்குக் கீழ யாரும் விட்டுக்கொடுக்க முடியாதபடி பூட்டிரலாம்," என்றேன்.

"பூட்டினா என்ன ஆகும் சேச்சி? ஏஜென்ட்டு மெஷின புக் பண்ணும். ஆளு வரமாட்டாங்க. ஸ்டேஷன்ல இருப்பாங்க. நமக்குத் தெரியவும் தெரியாது. இப்போ 'ஏன்'னு கேட்டா பதிலாவது கெடைக்குது."

"அப்போ என்ன செய்யணும்ங்கீங்க? சாகட்டும்னு விடணுமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?" அவருக்கும் குரல் உயர்ந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அதுவரை சண்டை வந்ததில்லை. அன்று வந்தது. அவர் பேசியது மொழியைப் பற்றி, நான் பேசியது என் கணவரைப் பற்றி. இரண்டு பேரும் அவை ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஒன்றைச் செய்தோம். மொழியில் புதிதாக ஒரு சொல் சேர்த்தோம்: வேண்டாம். முகவரிடம் ஒருவர் நேராக, இன்றைக்கு எனக்கு வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அதை அப்படியே தலைமை நர்ஸிடம் போய்ச் சொல்வது முகவரின் கடமை. யாரும் கேட்காமலே ஒருவர் தொடர்ந்து விட்டுக்கொடுத்தாலும் நர்ஸுக்குத் தெரியும். பிறகு பேசுவது மனிதர்களின் வேலை, முகவர்களுடையது அல்ல.

அது ஓட ஆரம்பிக்கும் முன்னால், பழைய அட்டவணைகளை ஒரு தடவை அதே கண்ணால் பார்த்துவிடுங்கள் என்று நர்ஸ் கேட்டுக்கொண்டார். என் கணவரைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

இருந்தார்கள். பலபேர் இல்லை, ஆனால் இருந்தார்கள். யாரும் கேட்காமல் முன்வந்து கொடுத்தவர்கள். யார் என்று நாங்கள் பார்க்கவில்லை, நர்ஸ் மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இந்த மையத்தில் எவ்வளவு ஒற்றுமை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேனே," என்றார் மலையாளத்தில். நாங்களும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். முகவர்கள் அத்தனை சுலபமாக ஒத்துப்போனதற்கு ஒரு காரணம், சிலர் மெல்ல விலகிக்கொண்டிருந்ததுதான். திரையில் அது ஒத்துழைப்பு என்று தெரிந்தது. என் கூட வேலை செய்பவர் வெளியே போய்ப் படிக்கட்டில் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

நர்ஸ் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். யார், என்ன என்று எங்களிடம் சொல்லவில்லை. என் கணவரிடமும் பேசினார். டாக்டரைப் பார்த்து, அதிகாலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். பத்தரைக்கெல்லாம் முடிந்துவிடும், மீதிப் பகல் அவருடையது. அந்த மீதிப் பகலில் எங்கே போகிறார் என்று நான் கேட்பதில்லை. கேட்காமலிருப்பது எனக்கு எளிதாக இல்லை. வேண்டாம் என்ற சொல்லை இதுவரை ஒருமுறை சொல்லியிருக்கிறார். அன்று நர்ஸ் போன் செய்தார், ரொம்ப நேரம் பேசினார்கள், மறுநாள் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் மையத்திலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பக்கத்து நாற்காலில ஒருத்தரு உண்டுல்லா, ரிட்டயர்டு வாத்தியாரு. எப்பமும் சிரிச்சிட்டே இருப்பாரு."

"ஆமா."

"அவரும் குடுத்திருக்காராம். யாரும் கேக்காமலே. இன்னைக்கு அவரே சொன்னாரு. மக ஆபீஸுல லீவு போட்டுக் கொண்டு விடுகா, அவளுக்குக் கஷ்டம்னு." என்னைப் பார்த்தார். வாய் பாதி திறந்திருந்தது. அன்று ஆஸ்பத்திரியில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. "அவரா? நெனச்சே பாக்க முடியல."

"மகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. சொல்லாண்டாம்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு."

சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"சொல்லிரணும், இல்லியா?" என்றார்.